மூன்று மாத வகுப்பால் ஒருவரைக் கட்டுமானத் தொழில் பழகுநராக்க முடியுமா?

உங்கள் கேள்வி பாடத்திட்டத்தைப் பற்றியது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள், சிறைத் தண்டனை முடித்து வந்தவர்கள், பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் தாய்மார்கள் என இருபது பேர் கொண்ட குழு. வயது இருபத்தைந்திலிருந்து நாற்பத்தேழு வரை. கொத்துவேலை, தச்சு, மின்வேலை, குழாய்வேலை ஆகியவற்றில் இவர்களைத் தொழில் பழகுநர்களாக, அதாவது சம்பளத்தோடு வேலைத்தளத்திலேயே தொழில் கற்பவர்களாக, சேர்ப்பதற்கு முன் மூன்று மாத ஆயத்த வகுப்பு நடத்தும் பொறுப்பு உங்களுக்கு வந்திருக்கிறது. எதை, எந்த வரிசையில் கற்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் விஷயம் உங்கள் கேள்வியின் கடைசி வரிகளில் இருக்கிறது. இதற்கு முன் வேறொரு குழு இதே போல வகுப்பு நடத்தியது, எல்லோரும் சான்றிதழ் வாங்கினார்கள், ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வேலைத்தளத்தில் ஒருவர்கூட இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே உங்கள் உண்மையான கேள்வி, பழகுநராகச் சேர்ந்து முதல் ஆண்டைத் தாண்டும் ஆட்களை எப்படி உருவாக்குவது என்பதே. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நான் கட்டடப் பொறியியல் பட்டயம் படித்து, தளங்களில் மேற்பார்வையாளராக இருந்துவிட்டு, பிறகு பல ஆண்டுகளாகப் பெரியவர்களுக்கான ஆயத்த வகுப்புகளில் கற்பிக்கிறேன். கொத்துவேலை, கம்பி கட்டுதல், செண்ட்ரிங் (கான்கிரீட் ஊற்ற அச்சுப்பலகை அடித்தல்) ஆகியவை எனக்குக் கைவந்தவை. மின்வேலையையும் குழாய்வேலையையும் பக்கத்திலிருந்து பார்த்தவன்தான். அந்த இரண்டைப் பற்றி நான் சொல்வதை அந்தத் தொழிலில் இருக்கும் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சேர்க்கை விதிகளும் ஆவணங்களும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் அவற்றுக்குள் நான் போகப்போவதில்லை.

நான் உறுதியாகச் சொல்லக்கூடிய முதல் விஷயம் வகுப்பறைக்கு வெளியே இருக்கிறது. பழகுநர்களை எடுத்துக்கொள்ளும் ஒப்பந்ததாரரோ தொழிற்சங்கமோ பயிற்சி நிறுவனமோ, 'உங்கள் வகுப்பிலிருந்து இன்ன மாதத்தில் இத்தனை பேரைத் தேர்வுக்கு அழைக்கிறோம்' என்று எழுதிக் கொடுக்கும்வரை வகுப்பைத் தொடங்காதீர்கள். முன்பு நடந்த குழுவைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் இப்படிக் கலைந்துபோன வகுப்புகளைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கதை ஒன்றுதான்: பாடம் நன்றாகவே நடந்திருக்கும், முடிவில் போய்ச் சேர இடம் இருக்காது. வாழ்க்கையில் ஏற்கெனவே நாலைந்து முறை ஏமாந்தவரை மூன்று மாதம் உட்காரவைத்து நட்டாற்றில் விடுவது அவருக்குச் செய்யும் கெடுதல். அடுத்த முறை யார் கூப்பிட்டாலும் அவர் வரமாட்டார். எழுதி வாங்கும் அந்த ஒப்புதலுக்கு இன்னொரு பயனும் உண்டு. எடுத்துக்கொள்பவரிடமே, 'புதிதாகச் சேர்ந்தவர்களை முதல் மூன்று மாதத்தில் ஏன் அனுப்பிவிடுகிறீர்கள்?' என்று கேட்கலாம். வருகிற பதிலில் பாதி பாடத்திட்டம் கிடைத்துவிடும். நான் கேட்ட இடங்களில் யாரும் 'செங்கல் வைக்கத் தெரியவில்லை' என்று சொன்னதில்லை. நேரத்துக்கு வருவதில்லை, அளக்கும் டேப்பைப் பார்க்கத் தெரியவில்லை, சொன்னது புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுகிறார், உயரத்தில் ஏறப் பயப்படுகிறார் அல்லது துளியும் பயப்படுவதில்லை என்பவைதான் பதில்கள்.

இந்த எண்ணம் என்னுடையது மட்டுமன்று. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2023 ஜூனில் ஏற்றுக்கொண்ட தரமான தொழில் பழகுநர் பயிற்சி பற்றிய 208ஆவது பரிந்துரை, பழகுநர் பயிற்சிக்கு முந்தைய ஆயத்தத்தைத் தனியாகவே வரையறுக்கிறது. பழகுநராகச் சேர்வதற்குத் தேவையான திறன்களைப் பெறவைப்பதே அதன் நோக்கம் என்கிறது. அதாவது ஆயத்த வகுப்பு என்பது வாசல்வரை கொண்டுபோய் விடும் வேலை; தொழிலையே கற்றுக்கொடுத்து முடிக்கும் வேலையன்று. சுவிட்சர்லாந்தில் 2018இல் அகதிகளுக்காகத் தொடங்கிய ஓராண்டு ஆயத்தப் பயிற்சியில் வாரத்தின் சில நாட்கள் நிறுவனத்தில் வேலை, மீதி நாட்கள் மொழியும் கணக்கும். அமெரிக்காவில் கட்டுமானத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பு வகுத்த பொதுப் பாடத்திட்டம் 120 மணி நேரம் அளவுக்கானது. ஒன்று ஓராண்டு, இன்னொன்று முழுநாளாக நடத்தினால் ஏறத்தாழ மூன்று வாரம். இரண்டிலும் பொதுவாக இருப்பது, மறுமுனையில் ஆள் எடுப்பவர் தொடக்கத்திலிருந்தே உடன் இருக்கிறார் என்பது.

'இத்தனை சதவீதம் பேர் வேலை பெற்றார்கள்' என்று விளம்பரப்படுத்தும் திட்டங்களைச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். மூன்று மாதம் விடாமல் வந்து முடித்தவர்கள், எந்த வகுப்பும் இல்லாமலே வேலை தேடிக்கொள்ளக்கூடியவர்களாகவும் இருக்கலாம். வகுப்பு அவர்களை மாற்றியதா, அல்லது மாறத் தயாராக இருந்தவர்களை வகுப்பு பொறுக்கி எடுத்ததா என்பதை அந்த எண்ணிலிருந்து பிரிக்க முடியாது. சேர்ந்தவர்கள் எத்தனை பேர், ஓராண்டு கழித்து தளத்தில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டையும் கேளுங்கள். உங்கள் குழுவுக்கும் அதே கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வகுப்பறைக்குள் வருகிறேன். மூன்று மாதத்தில் பெரும்பங்கை அளவுக்கும் கணக்குக்கும் கொடுப்பேன். பள்ளியில் கணக்கால் அவமானப்பட்டவர்கள் உங்கள் இருபது பேரில் நிச்சயம் அதிகம் இருப்பார்கள். கரும்பலகையில் பின்னம் எழுதிய அன்றே நாலு பேர் நின்றுவிடுவார்கள். ஆகவே பலகையில் தொடங்காதீர்கள், ஆளுக்கொரு டேப்பைக் கையில் கொடுங்கள். எஃகு டேப்பின் நுனியில் உள்ள கொக்கி ஆடும். ஒரு வகுப்பில் ஒருவர் அதைப் பழுது என்று நினைத்து, குறட்டால் இறுக்கிச் 'சரிசெய்து' கொண்டுவந்தார். நான் அவரை ஒன்றும் சொல்லாமல், இறுக்காத ஒரு டேப்பையும் கொடுத்து, ஒரே பெட்டியின் உள் அளவையும் வெளி அளவையும் இரண்டு டேப்பாலும் எடுக்கச் சொன்னேன். கொக்கியின் தகடு எவ்வளவு தடிமனோ அவ்வளவு தூரம்தான் அது ஆடுகிறது. வெளியே மாட்டி இழுத்தாலும் உள்ளே முட்டக் கொடுத்தாலும் அளவு சரியாக வருவதற்காகவே அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதை அவரே கண்டுபிடித்தார். கருவிகள் காரணத்தோடு செய்யப்பட்டவை, அந்தக் காரணத்தைத் தன்னாலும் கண்டுபிடிக்க முடியும் என்ற எண்ணம் ஒருவருக்கு வந்துவிட்டால், அதற்குப் பிறகு பின்னம் அவ்வளவு பயமுறுத்துவதில்லை.

அடுத்தது மூலைமட்டம். ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 மீட்டர், மறுபக்கம் 4 மீட்டர் அளந்து குறித்து, இரண்டு குறிகளுக்கும் இடையே 5 மீட்டர் வந்தால் மூலை சரியான செங்கோணம். பெரிய கட்டடமென்றால் 6, 8, 10 என்று எடுத்தால் பிழை குறையும். செவ்வகம் போட்டு முடித்ததும் இரண்டு மூலைவிட்டங்களும் சமமா என்று பார்க்க வேண்டும். இதைத் தரையில் கயிறும் முளையும் வைத்து நாலு பேராகச் செய்யவிடுங்கள். பிதாகரஸ் பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். சொல்லாவிட்டாலும் கட்டடம் சாயாது.

கன அளவில்தான் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 150 மில்லிமீட்டர் தடிமன் உள்ள தளத்துக்கு எவ்வளவு கான்கிரீட் என்று கேட்டபோது, ஒரு பெண் 4, 3, 150 மூன்றையும் பெருக்கி 1800 என்று எழுதினார். 'ஒரு கலவை லாரி 6 கன மீட்டர் கொண்டுவரும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கணக்குக்கு எத்தனை லாரி?' என்று கேட்டேன். 300 என்று அவர் சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. மில்லிமீட்டரை மீட்டராக்கினால் விடை 1.8. அதற்குப் பிறகு அலகு எழுதாமல் அவர் ஒரு எண்ணையும் எழுதியதில்லை. விடையைப் பார்த்து 'இது நடக்கக்கூடியதா?' என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் சூத்திரத்தைவிட முக்கியம். கம்பி கட்டப் போகிறவர்களுக்கு விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும் என்று காட்டலாம். 12 மில்லிமீட்டர் கம்பி ஏறத்தாழ 0.89 கிலோ. குழாய்வேலைக்குப் போகிறவர்களுக்கு வாட்டம், அதாவது குழாயின் சரிவு: 40க்கு 1 என்றால் 6 மீட்டர் நீளத்தில் 150 மில்லிமீட்டர் இறக்கம். மின்வேலைக்கு மட்டும் கணக்கு ஒரு படி மேலே போகும். பல இடங்களில் அதன் நுழைவுத் தேர்வில் இயற்கணிதமும் வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதியும் உண்டு. மின்வேலை வேண்டும் என்பவர்களை முதல் மாதமே அடையாளம் கண்டு தனியாகக் கூடுதல் நேரம் கொடுங்கள்; மூன்றாம் மாதத்தில் தொடங்கினால் போதாது.

உங்கள் இருபது பேரில் ஏற்கெனவே சித்தாளாகவோ உதவியாளாகவோ ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தவர்கள் இருப்பார்கள். நாற்பத்தேழு வயதுக்காரர் ஒருவரைத் தவிர அப்படிப்பட்டவர்களைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் இப்படிப்பட்ட எந்தக் குழுவிலும் அவர்கள் இல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அவர்களை ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்கவைப்பது அவமதிப்பு. முன்னனுபவத்தைச் சோதித்துச் சான்று தரும் முறை உங்கள் பகுதியில் இருந்தால், பழகுநர் காலத்தில் சில மாதங்களைக்கூட அவர்களுக்குக் கழித்துக்கொள்ள முடியலாம். அதே சமயம் அவர்கள் கையில் ஊறிப்போன தவறுகளும் உண்டு. கான்கிரீட் இறுகுவதுபோல் தெரிந்தால் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவது அதில் முதன்மையானது. 'அப்படிச் செய்யாதே' என்று சொல்லிப் பயனில்லை. இருபது ஆண்டுகளாக அப்படிச் செய்து எதுவும் இடிந்து விழவில்லையே என்பார்கள். நான் செய்வது இது: வகுப்பின் முதல் வாரத்திலேயே ஒரே கலவையை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் அவர்கள் வழக்கமாக ஊற்றும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, 150 மில்லிமீட்டர் அச்சுகளில் கட்டிகள் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, 28ஆம் நாள் சோதனைக்கூடத்தில் அவர்கள் கண்முன்னே நசுக்கவைப்பேன். தண்ணீர் கூடிய கட்டி குறைந்த சுமையிலேயே நொறுங்கும். மூன்று மாத வகுப்பில் இதற்கு நேரம் இருக்கிறது. இயந்திரத்தின் முள் நின்ற இடத்தைத் தானே பார்த்தவர் தளத்தில் இன்னொருவர் தண்ணீர் ஊற்றும்போது கையைப் பிடிப்பார்.

வாசிப்பைப் பற்றி ஒரு சிறு விஷயம், ஆனால் பலர் தவறவிடுவது. நாற்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்குக் கிட்டத்தில் உள்ளவை மங்கலாகத் தெரியத் தொடங்கும். மில்லிமீட்டர் கோடுகள் தெரியாததை 'எனக்குப் படிப்பு வராது' என்ற பழைய வாக்கியத்துக்குள் அவர்கள் ஒளித்துவிடுவார்கள். முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் கண் பரிசோதனை நடத்திவிடுங்கள். மின்வேலை கேட்பவர்களுக்கு நிறக்குருடு இருக்கிறதா என்றும் பாருங்கள். கம்பியின் நிறத்தை நம்பிச் செய்யும் வேலை அது, நிறக்குருடு ஆண்களிடம் பெண்களைவிடப் பல மடங்கு அதிகம். கண்ணாடி போட்ட பிறகும் எழுத்துகள் குழம்புகிறவர்கள் இருந்தால் அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். அதைக் கண்டறிவது என் துறையன்று, அதற்குரியவரிடம் அனுப்புங்கள். வரைபடத்தைப் பொறுத்தவரை, வகுப்பு நடக்கும் அறையையே 50க்கு 1 என்ற அளவில் வரையச் சொல்வதுதான் நான் கண்ட சிறந்த தொடக்கம். தான் வரைந்த கதவு தாளில் 18 மில்லிமீட்டர் வந்தால் உண்மையில் 900 மில்லிமீட்டர் என்று புரிந்தவருக்கு, பிறர் வரைந்த வரைபடமும் மெல்லப் பிடிபடும்.

பாதுகாப்பில் நான் சமரசம் செய்துகொள்வதில்லை. கட்டுமானத்தில் உயிர் பறிப்பவை எவை என்பது தெரிந்த விஷயம்: உயரத்திலிருந்து விழுதல், மேலிருந்து விழும் அல்லது நகரும் பொருள் அடித்தல், மின்சாரம் தாக்குதல், மண் சரிவிலோ இயந்திரத்திலோ சிக்குதல். இவற்றில் முதலிடம் விழுதலுக்கு. சாரத்தில் ஏறுவது, ஏணியை 4 மீட்டர் உயரத்துக்கு 1 மீட்டர் அடிதள்ளி வைப்பது, பாதுகாப்புப் பட்டையை எங்கே மாட்டுவது என்பதையெல்லாம் படம் காட்டி முடித்துவிடாதீர்கள். ஏறி இறங்கவைக்க வேண்டும். உயரம் ஒத்துவராது என்பது ஒருவருக்குத் தெரியவேண்டிய இடம் உங்கள் வகுப்பின் இரண்டு மீட்டர் சாரம்தான், நாலாவது மாடி இல்லை. ஈரச் சிமென்ட் காரத்தன்மை கொண்டது என்பதும் அழுத்திச் சொல்லப்பட வேண்டும். முழங்காலை ஊன்றி வேலை செய்யும்போது அது துணிக்குள் ஊறும், உடனே வலிக்காது, சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் தோல் வெந்திருக்கும். கல், கான்கிரீட் அறுக்கும்போது பறக்கும் தூளில் உள்ள சிலிகா நுரையீரலைக் கெடுக்கும்; அந்தக் கேடு திரும்பச் சரியாவதில்லை.

புதியவர்களைப் பற்றிப் பேசும்போது வெப்பத்தைச் சொல்லாமல் விடவே கூடாது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு, சுகாதார நிர்வாகத்தின் கணக்கின்படி, வேலையிடத்தில் வெப்பத்தால் நேரும் மரணங்களில் ஏறத்தாழ பாதி, வேலையின் முதல் நாளிலேயே நேர்கின்றன. 70 சதவீதத்துக்கு மேல் முதல் வாரத்துக்குள். உடல் வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரங்கள் தேவை. புதியவருக்கு முதல் நாள் வழக்கமான வெப்ப வேலை நேரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது, பிறகு நாளுக்கு 20 சதவீதமாகக் கூட்டலாம் என்பது அந்நாட்டின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. உங்கள் ஆட்களோ, முதல் நாளே தங்களை நிரூபித்துவிட வேண்டும் என்று துடிப்பவர்கள். சோர்வைச் சொல்வது தோல்வி என்று நினைப்பவர்கள். ஆகவே கடைசி இரண்டு வாரமாவது வகுப்பைத் தளத்தின் நேரத்துக்கு மாற்றி, வெளியே, எடை தூக்கும் வேலையோடு, படிப்படியாகக் கூட்டி நடத்துங்கள். தலைசுற்றினால் எந்த வார்த்தையில் யாரிடம் சொல்வது என்பதைக்கூட வாய்விட்டுச் சொல்லிப் பழக்குங்கள்.

வகுப்புக்கு வெளியே இருப்பவைதான் ஆட்களை அதிகம் வெளியேற்றுகின்றன. தளத்தில் வேலை தொடங்குவது அதிகாலையில். குழந்தைகள் காப்பகம் திறப்பது அதற்குப் பிறகு. தளம் இந்த மாதம் ஒரு மூலையில், அடுத்த மாதம் பஸ் போகாத இன்னொரு மூலையில். முதல் சம்பளம் வருவதற்குள் காலணியும் கைக்கருவியும் வாங்கியாக வேண்டும். அரசு உதவித்தொகை வாங்குகிறவருக்குச் சம்பளம் வரத் தொடங்கியதும் உதவி நின்றுபோகும், ஆனால் பழகுநர் சம்பளம் தொடக்கத்தில் முழுத் தொழிலாளியின் சம்பளத்தைவிடக் குறைவு, ஆண்டுதோறும்தான் படிப்படியாக உயரும். இதை ஒவ்வொருவரோடும் தனித்தனியாக உட்கார்ந்து, வரவு செலவு எழுதிப் பாருங்கள். முதல் ஆறு மாதத்தில் எந்த மாதம் கை கடிக்கும் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். உங்களிடம் நன்கொடைப் பணம் இருந்தால், இன்னொரு ஆசிரியரை வைப்பதைவிட அந்த ஒரு மாதத்துக்கு ஒதுக்குவது மேல். இதற்கு ஆய்வுச் சான்று கேட்டால் என்னால் காட்ட முடியாது. பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

பெண்களைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை, ஆனால் தனியாகத்தான் யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் 1978இல் வந்த விதிகளை ஒட்டி, அரசு ஒப்பந்தக் கட்டுமான வேலைகளில் பெண்களின் பங்குக்கு 6.9 சதவீதம் என்ற இலக்கு வைக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், கருவி பிடித்து வேலை செய்யும் கட்டுமானத் தொழிலாளர்களில் பெண்களின் பங்கு அந்த அளவை எட்டவில்லை. இலக்கு எழுதிவைப்பதால் மட்டும் ஆகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. தளத்தில் கழிப்பறை இருக்கிறதா, பூட்டு இருக்கிறதா என்று சேர்ப்பதற்கு முன்பே நீங்கள் நேரில் போய்ப் பாருங்கள். கையுறையும் பாதுகாப்புப் பட்டையும் அவர்கள் அளவில் இருக்க வேண்டும். பெரிய உடலுக்குத் தைத்த பட்டை சிறிய உடலை விழும்போது தாங்காமல் நழுவலாம். ஒரே தளத்துக்கு ஒரு பெண்ணை மட்டும் அனுப்பாதீர்கள், இருவராக அனுப்புங்கள். தொல்லை நேர்ந்தால் யாரிடம் போவது என்பதை ஒப்பந்ததாரரோடு எழுத்தில் முடிவு செய்துவிட்டு, அந்தப் பெயரை அவர்களிடம் கொடுங்கள்.

சிறையிலிருந்து வந்தவர்களுக்கு, தங்கள் கடந்த காலத்தை எவ்வளவு, எப்போது சொல்வது என்பது பெரிய குழப்பம். சட்டப்படி எதைச் சொல்லியாக வேண்டும் என்பதை உங்கள் இடத்தின் வழக்கறிஞர் ஒருவர் சொல்லட்டும். நேர்காணல் பயிற்சியில் நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: மூன்று நான்கு வாக்கியத்துக்கு மேல் போகக் கூடாது. நடந்தது என்ன, அதற்குப் பிறகு செய்தது என்ன, இப்போது கேட்பது என்ன. நீண்ட விளக்கம் கேட்பவரைச் சங்கடப்படுத்தும், சொல்பவரையும் உடைத்துவிடும். சிலருக்குக் காவல் நிலையத்திலோ அலுவலரிடமோ வாரம் ஒருமுறை நேரில் வரவேண்டிய கடமை இருக்கும், அதுவும் வேலை நேரத்தில். இதை முன்கூட்டியே பேசி நேரம் மாற்றிவைக்காவிட்டால், இரண்டாம் வாரமே மேஸ்திரி 'சொல்லாமல் விடுப்பு எடுக்கிறான்' என்று எழுதிவிடுவார்.

தன்னம்பிக்கை உரைகள், ஆளுமை வளர்ச்சி வகுப்புகள் ஆகியவற்றில் எனக்கு நம்பிக்கை குறைவு. அவற்றை நடத்துகிறவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். தளத்தில் தேவைப்படும் பேச்சு மிகக் குறுகியது, மிகத் தெளிவானது. 'புரியவில்லை, இன்னொரு முறை காட்டுங்கள்.' 'இதை முடித்துவிட்டேன், அடுத்து என்ன?' 'இந்த சாரத்தின் பலகை ஆடுகிறது, சரிசெய்யும்வரை ஏறமாட்டேன்.' மூன்றாவது வாக்கியத்தைத் தன்னைவிட மூத்தவரிடம் சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது தளத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். இதை வேலைக்கு நடுவில், கையில் கருவியோடு பழக்குங்கள். வகுப்புக்கு வரும் ஓய்வுபெற்ற மேஸ்திரி ஒருவரை வேண்டுமென்றே கடுகடுவென்று பேசச் சொல்லலாம். பலருக்கு இயல்பாகவே வரும்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி எனக்கு உறுதியானது. இனி வருபவை அப்படியில்லை. மூன்று மாதம் சரியான காலமா? குறைவாக இருந்தால் கணக்கு முடியாது. கூடினால் சம்பளமில்லாமல் அவ்வளவு நாள் தாங்க மாட்டார்கள். உதவித்தொகை கொடுக்க முடிந்தால் மூன்று மாதம், முடியாவிட்டால் ஆறு வாரம் முழுநாளாக என்பது என் யோசனை, அவ்வளவுதான். உதவித்தொகைக்காக மட்டும் வந்து உட்காருவார்கள் என்று சிலர் எதிர்ப்பார்கள். ஓரிருவர் அப்படி இருப்பார்கள், அவர்களுக்காக மற்றவர்களைப் பட்டினி போட முடியாது என்பது என் கட்சி. நான்கு தொழில்களையும் எல்லோருக்கும் காட்டுவதா, முதலிலேயே பிரித்துவிடுவதா? முதல் இரண்டு வாரம் நான்கையும் தொட்டுப் பார்க்கவிட்டுப் பிறகு பிரிப்பதை விரும்புவேன். குனிந்து நிற்க முடியாதவர் கொத்துவேலை கேட்பதும், தனியாக யோசிக்கப் பிடிப்பவர் கூட்டமாகச் செய்யும் கான்கிரீட் வேலைக்குப் போவதும் அந்த இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். தனித்தனியாகப் பிரித்து நடத்தி நல்ல பலன் கண்டவர்களும் இருக்கிறார்கள்.

சேர்த்துவிட்ட பிறகும் உங்கள் வேலை முடிவதில்லை. பழகுநர் பயிற்சியைப் பாதியில் விடுவது எங்கும் உள்ள சங்கதி. பழகுநர் பயிற்சிக்குப் பேர்போன ஜெர்மனியிலேயே பயிற்சி ஒப்பந்தங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் முடிவதற்கு முன்பே முறிகிறது. முறித்தவர்களில் பலர் வேறு நிறுவனத்தில் தொடர்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே ஒருவர் முதல் இடத்தை விட்டு வந்தால் அதைத் தோல்விக் கணக்கில் எழுதாமல், ஒரு வாரத்துக்குள் இரண்டாவது இடம் தேடிக் கொடுங்கள். முதல் ஆறு மாதம் ஒவ்வொருவரையும் வாரம் ஒருமுறை போனில் கூப்பிட ஒரு ஆள் வேண்டும். அவர் மேஸ்திரியையும் கூப்பிட வேண்டும். சிக்கல் பெரும்பாலும் இரு பக்கமும் வெவ்வேறு கதையாக இருக்கும். இரண்டையும் கேட்டவரால்தான் அவிழ்க்க முடியும். இருபது பேருக்கு இதைச் செய்வது ஒருவருக்குப் பகுதிநேர வேலை. உங்கள் வரவு செலவுத் திட்டத்தில் அந்தச் செலவு இல்லையென்றால், இருபதைப் பதினைந்தாகக் குறைத்துவிட்டு அதைச் சேருங்கள்.

கடைசியாக, நாற்பத்தேழு வயதுக்காரரைச் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் பல ஆண்டுகள் கட்டட உதவியாளாக இருந்தவர் என்கிறீர்கள். உங்கள் இடத்தின் விதியில் வயது வரம்பு இல்லையென்றால் சேருங்கள். ஆனால் தரையில் டைல் ஒட்டும் வேலைக்கும் கொத்துவேலைக்கும் அனுப்பாதீர்கள், முழங்கால் இன்னும் கெடும். நின்றபடி செய்யும் உள்வேலைகளான மின்குழாய் பதித்தல், கதவு சன்னல் பொருத்துதல், அல்லது மட்டக் கருவி பிடிக்கும் உதவி ஆகியவற்றில் ஒன்றைப் பாருங்கள். ஒரு மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். அவருக்கு நான்கு ஆண்டுப் பழகுநர் பாதையைவிட, முன்னனுபவத்தைச் சோதித்துச் சான்று வாங்கும் பாதை சீக்கிரம் பலன் தரலாம். அந்த முறை உங்கள் பகுதியில் இருக்கிறதா என்று வகுப்பு தொடங்குவதற்கு முன்பே விசாரித்துவையுங்கள். இல்லையென்று பிறகு தெரிந்தால், அவருக்காக ஒதுக்கிய மாதங்கள் வீணாகும்.